ஐந்தடி ஒன்பது அங்குலம்

ஜன்னல் சீட்டு உங்களோடதுதான் சார். டிக்கெட்டைக் காட்டவே வேண்டாம், முகத்தைப் பார்த்தாலே தெரியுது. ஆனா ஒரு சின்ன உதவி. நான் அங்கே உட்கார்ந்துக்கறேனே? எனக்குத் தூசி அலர்ஜி.

தூசி அலர்ஜிக்காரன் எதுக்கு ஜன்னலோரம் கேட்கறான்னு யோசிக்கறீங்க. நியாயமான கேள்விதான். இது ஒரு தனி வகை அலர்ஜி. ஜன்னல் என் இடது பக்கம் இருக்கணும், மனுஷங்க எல்லாரும் வலது பக்கம் இருக்கணும். அப்பத்தான் அடங்கும். ரொம்ப நன்றி சார். பெட்டியைக் காலுக்கடியில தள்ளிடுங்க.

என் பேரு திருஞானம். முப்பது வருஷம் மெடிக்கல் ரெப்பா இருந்து, போன வருஷம்தான் விட்டேன். டாக்டர் ரூம்ல எங்களுக்கு ரெண்டு நிமிஷம் கொடுப்பாங்க. அந்த ரெண்டு நிமிஷத்துல ஒரு டானிக்கை அமிர்தம்னு நம்ப வைக்கணும். அப்படிப் பழகினவனுக்கு மதுரையிலிருந்து எழும்பூர் வரைக்கும் ஏழு மணி நேரத்துக்கு மேல கிடைச்சிருக்கு. உங்க நிலைமை கொஞ்சம் கஷ்டம்தான்.

மெட்ராஸுக்கு ஒரு பொண்ணைப் பார்க்கப் போறேன். அப்படிப் பார்க்காதீங்க. எங்க பையன் குகனுக்கு ஏற்கனவே நிச்சயமாயிடுச்சு, தை மாசம் கல்யாணம். இது வேற பொண்ணு. மிருதுளான்னு பேரு, இருபத்தேழு வயசு. எனக்கு அவ என்ன உறவுன்னு கேட்டா, அதுக்குத்தான் இன்னும் தமிழ்ல ஒரு சொல் கிடைக்கல. மகள்னு சொல்ல முடியாது. அவளுக்கு அப்பா இருந்தார். நல்ல மனுஷன், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தவறிட்டார். அவர் போனதுக்கப்புறம்தான் அவங்க அம்மா விஷயத்தைச் சொல்லியிருக்காங்க. அவங்களுக்குக் குழந்தை இல்லாம இருந்தப்ப ஒரு டாக்டரம்மா மூலமா யாரோ ஒரு பையன் விந்து தானம் கொடுத்தான்னு.

அந்தப் பையன் நான்தான் சார்.

மெதுவா பேசணுமா? நான் மெதுவாத்தானே பேசறேன். சரி, அந்தம்மா திரும்பிப் பார்த்தாப் பார்க்கட்டும். தப்பு ஒண்ணும் பண்ணலையே.

தொண்ணூத்தி ஆறுல நான் மெட்ராஸ்ல மேன்ஷன் ரூம்ல இருந்தேன். கீழ்ப்பாக்கத்துல டாக்டர் மனோன்மணின்னு ஒருத்தங்க, குழந்தையில்லாதவங்களுக்கு வைத்தியம் பார்ப்பாங்க. வாரம் தவறாம போவேன். எங்க கம்பெனி இரும்புச்சத்து டானிக்கை அவங்க எழுதவே மாட்டாங்க. ஒருநாள் என்னை மேலும் கீழும் பார்த்துட்டு, "ஏம்ப்பா, நீ குடிப்பியா?"ன்னாங்க. இல்லை மேடம். "சிகரெட்?" இல்லை மேடம். "உக்காரு"ன்னாங்க. மூணு வருஷத்துல அன்னிக்குத்தான் முதல் தடவையா உட்காரச் சொன்னாங்க. அதுலயே நான் பாதி விழுந்துட்டேன்.

"ரத்தம் கொடுக்கறல்ல, அது மாதிரி நினைச்சுக்கோ. உன் பேரு அவங்களுக்குத் தெரியாது, அவங்க பேரு உனக்குத் தெரியாது. கொடுத்துட்டு மறந்துடலாம்"னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ரத்தம் கொடுத்தா அது எங்கேயாவது உங்க மூக்கை வெச்சுக்கிட்டு வளர்ந்து வாட்ஸப்ல வந்து வணக்கம் சொல்லாதுங்கறது எனக்கு அப்ப தோணல. ஆறேழு மாசம் போனேன். அதுக்கப்புறம் எங்க டானிக்கை அவங்க விடாம எழுதினாங்க, அதையும் சொல்லணும்.

இதுல ஒரு ஃபாரம் இருந்துச்சு சார். ரெண்டு பக்கம். உயரம், நிறம், படிப்பு, குடும்பத்துல என்னென்ன வியாதின்னு வரிசையா கேள்வி. அப்பப் பார்த்து ஊர்ல எங்க பெரியப்பா எனக்குப் பொண்ணு தேடிக்கிட்டிருந்தார். என் பயோடேட்டாவைத் தன் கையால எழுதி நூறு ஜெராக்ஸ் போட்டு எனக்கும் அஞ்சாறு அனுப்பியிருந்தார். பையில இருந்துச்சு. எதுக்கு வீணா யோசிக்கணும்னு அதைப் பார்த்து அப்படியே எழுதிட்டேன். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். நிறம் சிவப்பு. சங்கீத ரசனை உண்டு. பரம்பரை வியாதி எதுவும் இல்லை. கடைசியில 'இதர விவரங்கள்'னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதுல நட்சத்திரம் உத்திரட்டாதின்னும் போட்டேன். அங்கே இருந்த சிஸ்டர் படிச்சுட்டுச் சிரிச்சாங்க. "தம்பி, பொருத்தம் யார் பார்க்கறது, நானா டாக்டரா?"

டீ வருது. ரெண்டு கொடுப்பா. இருக்கட்டும் சார், நான்தான் கொடுப்பேன்.

எழுதினதெல்லாம் பொய்யான்னு கேட்கறீங்க. பொய்னு சொல்ல மாட்டேன். கல்யாண பயோடேட்டா எப்படின்னு உங்களுக்குத் தெரியாததா? பையன் ஐந்தடி ஒன்பதுன்னா ஐந்தடி ஆறரை. சிவப்புன்னா மாநிறம். சொந்த வீடுன்னா பங்காளிகளோட கேஸ் நடக்குது. எழுதறவன் கூட்டி எழுதுவான், படிக்கிறவன் கழிச்சுப் படிப்பான். ரெண்டு பக்கத்துக்கும் தெரிஞ்ச விளையாட்டு, யாரும் ஏமாறலை. அந்த ஃபாரத்தைப் படிக்கிறவங்க கழிக்க மாட்டாங்க, எழுதினதை எழுதினபடியே நம்புவாங்கன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல.

அய்யோ, டீயா கொட்டுச்சு? உங்க பேன்ட்டு மேலயா? மன்னிச்சுக்கங்க சார். கப்பு ஜன்னல் விளிம்புலயா இருந்துச்சு? நான் குடிச்சு முடிச்சுத் தூக்கிப் போட்டுட்டேன்னு நினைச்சேன். இந்தாங்க கர்ச்சீப். ரயில் திண்டுக்கல் தாண்டினா ரொம்ப ஆடும்.

ரயில் நிக்குதா? ஆமா, நிக்குதுதான்.

அவ எப்படி என்னைக் கண்டுபிடிச்சான்னு சொல்லலையே. என் தங்கச்சி சிவகாமி டொராண்டோவில இருக்கா. அவ பையன் சும்மா இருக்க மாட்டாம ஒரு குழாயில எச்சிலைத் துப்பி ஏதோ கம்பெனிக்கு அனுப்பியிருக்கான். நம்ம முன்னோர் எங்கிருந்து வந்தாங்கன்னு சொல்வாங்களாம். தென்காசிப் பக்கம்னு நான் சொல்லியிருப்பேன், ஒரு போன் போட்டிருந்தா. இந்தப் பொண்ணும் வெளிநாட்டுல படிக்கும்போது துப்பியிருக்கா. ரெண்டு எச்சிலும் அத்தை பிள்ளை மாமன் பிள்ளைன்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டான். சிவகாமிக்கு இருக்கிறது ஒரே அண்ணன். அவ எனக்கா போன் பண்ணினா? என் சம்சாரம் மங்கைக்குப் பண்ணினா.

மங்கை என் எதிர்ல வந்து உட்கார்ந்தா. கோபமா தெரியல. "அந்த ஃபாரத்துல எவ்வளவு உயரம்னு எழுதினீங்க?"ன்னு கேட்டா. சொன்னேன். "எங்க வீட்டுக்கும் அதே காகிதம்தான் வந்துச்சு"ன்னா. எழுந்து போயிட்டா. மூணாவது நாள், "அந்தப் பிள்ளை என்னதான் கேட்குது?"ன்னா.

அதுதான் சார் விஷயம். அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. இந்தாங்க போன், அவ அனுப்பினதை நீங்களே படிங்க, எழுத்து பொடிசா இருக்கு. "வணக்கம் சார். உங்களைத் தொந்தரவு செய்ய வரவில்லை. எனக்கு அப்பா என்றால் எங்கள் அப்பாதான். கண் டாக்டர் எனக்குக் கண்ணில் பிரஷர் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்கிறார். குடும்பத்தில் யாருக்காவது க்ளாக்கோமா உண்டா என்று கேட்டார். தானம் கொடுத்தவரைப் பற்றி அம்மாவிடம் இருந்த சீட்டைக் காட்டினேன். பரம்பரை வியாதி இல்லையென்றால் மருந்து வேண்டாம், ஒரு வருஷம் விட்டுப் பார்க்கலாம் என்றார். அந்தச் சீட்டில் உள்ளது சரிதானா?" கூடவே சீட்டோட போட்டோ. சிஸ்டர் என் ஃபாரத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தது. ஐந்தடி ஒன்பதும் இருக்கு. உத்திரட்டாதியை மட்டும் விட்டுட்டாங்க.

நான் பதில் போடாம இல்லை. உடனே போட்டேன். சங்கீதம் பிடிக்குமான்னு கேட்டு மூணு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "பிடிக்கும் சார். கண் விஷயம்?"னு போட்டா. எங்க குலதெய்வம் கோயில் போட்டோ அனுப்பினேன். "அழகா இருக்கு சார். கண் விஷயம்?" எனக்குப் பாகற்காய் பிடிக்காது, உனக்கும் பிடிக்காதான்னு கேட்டேன். பாகற்காயும் பரம்பரையா வரலாமில்லையா. "நான் நல்லா சாப்பிடுவேன் சார். கண் விஷயம்?" டாக்டர்கள் என்கிட்ட இப்படித்தான் கேட்பாங்க. நான் பத்து நிமிஷம் பேசுவேன், கடைசியில, "சைடு எஃபெக்ட் என்ன?"ம்பாங்க. பிடிவாதத்துல அவ என் ரத்தம்தான், சந்தேகமே இல்லை.

கடைசியில, இதெல்லாம் நேர்ல பேசறதுதான் மரியாதைன்னு சொல்லிட்டேன். இன்னிக்கு நாலு மணிக்கு அவ மறுபடி டாக்டரைப் பார்க்கறா. அதுக்கு முன்னாடி வந்துடுங்க, ஸ்டேஷனுக்கே வரேன்னு சொல்லியிருக்கா. நான் என்ன பதில் சொல்றேனோ அதை வெச்சுத்தான் அவர் மருந்து எழுதறதும் எழுதாததும். பார்த்தீங்களா, ரெப் வேலையை விட்டும் என் பேச்சைக் கேட்டுத்தான் டாக்டர் எழுதப் போறார்.

என்ன சொல்லப் போறேனா? இருங்க, திருச்சி வரட்டும்.

இந்த முறுக்கை எடுத்துக்கங்க. மங்கை அந்தப் பிள்ளைக்குன்னு சுட்டது, நாலு கொறைஞ்சா தெரியாது.

மறந்துடலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க இல்லையா, நானும் மறந்துதான் இருந்தேன். குகனுக்குப் பொண்ணு பார்க்க ஆரம்பிச்சதும்தான் நினைப்பு வந்துச்சு. மெட்ராஸ் ஜாதகம்னாலே முதல்ல பிறந்த வருஷத்தைத்தான் பார்ப்பேன். பொண்ணு வீட்டுக்குப் போவோம், பஜ்ஜி வைப்பாங்க. எல்லாரும் சம்பளம், படிப்புன்னு கேட்பாங்க. நான் மட்டும், "பாப்பா எந்த ஆஸ்பத்திரியில பிறந்துச்சு? கல்யாணமாகி எத்தனை வருஷம் கழிச்சு?"ன்னு கேட்பேன். ஒரு இடத்துல பொண்ணோட அப்பாவை எழுப்பி நிறுத்தி, பக்கத்துல பொண்ணையும் நிக்க வெச்சு மூக்கைப் பார்த்தேன். அந்தச் சம்பந்தம் அன்னிக்கே போச்சு. நான் ஏதோ சாமுத்ரிகா லட்சணம் தெரிஞ்ச ஆளுன்னு மங்கை நினைச்சுக்கிட்டிருந்தா. கடைசியில கோவில்பட்டியில பிறந்து, அச்சு அசலா அப்பன் முகத்தோட இருக்கிற பொண்ணாப் பார்த்து முடிச்சேன். இப்பத்தான் நிம்மதி.

கூட்டத்துல கூட எனக்கு அந்த நினைப்புதான். இருபத்தாறு இருபத்தேழு வயசுல குள்ளமா, காது கொஞ்சம் விரிஞ்சு யாராவது நின்னா ரெண்டு தடவை பார்ப்பேன். எத்தனை பேருன்னு டாக்டரம்மாவும் சொல்லல, நானும் கேட்கல. கிளினிக் இருந்த இடத்துல இப்ப செல்போன் கடை. எவனாவது ஐந்தடி ஒன்பது வரைக்கும் வளர்ந்துடுவோம்னு காத்துக்கிட்டே இருந்திருப்பானோ, பாவம்.

திருச்சியா? தெரியும், சொல்றேன்னுதானே சொன்னேன்.

எங்க குடும்பத்துல கண்ணு போனவங்க உண்டு சார். ஆனா வியாதி இல்லை. எங்க அப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயசுல சுத்தமா போச்சு. அது திருவிழாவுல பட்டாசுப் பொறி பட்டு. ரெண்டு கண்ணுலயுமான்னு கேட்கறீங்களே, முப்பத்தஞ்சு வருஷமா யாரும் இதைக் கேட்டதில்லை தெரியுமா? அத்தைக்குப் போனது மாமா இறந்த துக்கத்துல அழுதழுது. சித்தப்பாவுக்குச் சின்ன வயசுல அம்மை போட்டது நாற்பத்தஞ்சு வயசுல வேலையைக் காட்டிச்சு. பெரியப்பா ஒருத்தருக்குத்தான் கண்ணு நல்லா இருந்துச்சு, அதனாலதான் பயோடேட்டா எழுதற வேலை அவர்கிட்ட வந்துச்சு. இந்தக் கதைகளையெல்லாம் கட்டினதும் அவர்தான். சிவகாமிக்குக் கல்யாணம் ஆகணும், சித்தப்பா பொண்ணுங்க மூணு பேருக்கு ஆகணும். "கண்ணுன்னு வெளியில வாயைத் திறந்தீங்க, ஒருத்தியும் கரையேற மாட்டா"ன்னார். எல்லாரும் கரையேறினாங்க. வெற்றிகரமான கதைகள் சார், குறை சொல்ல முடியாது. நானே எத்தனையோ இடத்துல அந்தப் பொறியைச் சொல்லியிருக்கேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பறந்து வர்றது தெரியும்.

அதனால, எங்க பரம்பரையில அப்படி எதுவும் இல்லைம்மா, தைரியமா இருன்னு அவகிட்ட சொல்லிடலாம்னு கிளம்பினேன். பேச்சு பிசிறில்லாம இருக்கு. ஷூ கூட புதுசா வாங்கினேன், பாருங்க. உள்ளுக்குள்ள ரெண்டரை அங்குலம் உசரம். வெளியில தெரியாது. ஐந்தடி ஒன்பதுன்னு எழுதினவன் அந்தப் பிள்ளை முன்னாடி அதுக்குக் குறைஞ்சு போய் நிக்கலாமா?

இதுவா? இது தூசிக்குக் கண்ணுல போடற சொட்டு மருந்து. காலையிலயும் சாயங்காலமும். இன்னிக்கு அவசரத்துல கிளம்பினதுல மறந்துட்டேன். கொஞ்சம் தலையைச் சாய்ச்சுக்கறேன். பாட்டிலைப் பார்க்கணுமா? பாருங்களேன்.

ஓ. உங்க அம்மாவுக்கும் இதேதானா.

இதே பாட்டிலா?

விருத்தாசலம் வந்துடுச்சு போல. வெள்ளரிக்காய் விக்கறாங்க பாருங்க. வேண்டாமா? சரி.

மூணு வருஷம் ஆகுது சார். மங்கைக்குத் தூசின்னுதான் சொல்லியிருக்கேன். ஆஸ்பத்திரியில ஒரு மெஷின் வெச்சிருப்பாங்க, உங்க அம்மாவும் பார்த்திருப்பாங்க. ஒரு கிண்ணத்துக்குள்ள முகத்தை வைக்கணும். சின்னச் சின்ன வெளிச்சமா அங்கங்கே வரும், தெரிஞ்சா பட்டனை அழுத்தணும். நான் முப்பது வருஷம் டாக்டர்களை ஏமாத்தினவன், ஒரு மெஷினை ஏமாத்த முடியாதா? வெளிச்சம் எந்தத் தாளத்துல வருதுன்னு பிடிச்சுக்கிட்டுத் தெரியாதப்பவும் அழுத்திக்கிட்டே இருந்தேன். பக்கத்துல நின்ன பொண்ணு, "சார், வெளிச்சமே போடலை, எதுக்கு அழுத்தறீங்க?"ன்னா. இடது கண்ணுல ஓரம் பூராவும் போயிடுச்சுன்னாங்க. வலது ஆரம்பிச்சிருக்காம்.

இதுல வேடிக்கை என்னன்னா, கடைசி ஆறு வருஷம் நான் வித்ததே கண் சொட்டு மருந்துதான். என் வசனம் இன்னும் மனப்பாடம். "சத்தமில்லாம வரும் டாக்டர், வலி கிடையாது, நோயாளிக்கே தெரியாது. வீட்டுல ஒருத்தருக்கு இருந்தா மத்த எல்லாரையும் வரச் சொல்லிப் பாருங்க. முன்னாடியே பிடிச்சா நிறுத்திடலாம், போனது திரும்ப வராது." மதுரை ஜில்லா பூராவும் இதைச் சொல்லியிருக்கேன். வீட்டுல சொல்லல.

அவகிட்ட உண்மையைச் சொன்னா என்னன்னு கேட்கறீங்க. சொல்லலாம். அவ டாக்டர்கிட்ட சொல்லுவா, அது நியாயம். சிவகாமி பையன்கிட்டயும் சொல்லுவா. சிவகாமிக்குப் போகும். சிவகாமிக்குப் போனது தை மாசத்துக்குள்ள கோவில்பட்டி சம்பந்திக்குப் போகாம இருக்குமா? குகன் கல்யாணம் என்ன ஆகும்?

குகனுக்கா? அவனுக்கு எதுக்கு டெஸ்ட்டு? அவன் சின்னப் பையன் சார், இருபத்தாறு வயசு.

ஆமா, நீங்க சொல்றது சரி, அவளும் இருபத்தேழுதான்.

நீங்க அதிகம் பேச மாட்டீங்கன்னு நினைச்சேன். பேசினா இப்படித்தான் பேசுவீங்க போல.

விழுப்புரத்துலிருந்து என்ன முணுமுணுத்துக்கிட்டு வர்றேன்னு பார்க்கறீங்களா? ஒத்திகை பார்த்துக்கிட்டு வர்றேன். "மிருதுளா, எங்க அப்பாவுக்கு இருந்துச்சும்மா." அது வந்துடுது. "அத்தைக்கு, சித்தப்பாவுக்கு." அதுவும் வந்துடுது, செத்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. அதுக்கடுத்த ஆளுகிட்ட வந்து நின்னுடறேன். வாய் தானா பட்டாசுப் பொறிக்குப் போகுது.

அவ ஒரு கேள்விதான் கேட்டா சார். சொத்து கேட்கல, பாசம் கேட்கல, கல்யாணத்துக்குக் கூப்பிடுங்கன்னு கேட்கல. நான் உறவு கொண்டாட வர்றேன்னு நினைச்சுக்கிட்டு முறுக்கு, சங்கீதம், குலதெய்வம்னு தூக்கிட்டு வர்றேன். அவளுக்கு வேண்டியது அந்தச் சீட்டுல ஒரு வரி. அதுவும் நான் காப்பியடிச்ச வரி.

செங்கல்பட்டு. தண்ணி தெரியுதா? ஏரி இந்தப் பக்கம்தானே வரும். எனக்கு முன்னெல்லாம் தெரியும்.

இந்தப் பையைக் கொஞ்சம் எடுங்க சார். உள்ளே ரப்பர் செருப்பு இருக்கும். காலைக் கடிச்சு எடுக்குது இந்த ஷூ. மதுரையிலிருந்தே கடிக்குது, மரியாதைக்காகப் பொறுத்துக்கிட்டேன். போதும். ஐந்தடி ஆறரைன்னு சொன்னேன்ல, அதுலயும் அரையைக் கழிச்சுக்கங்க.

தாம்பரம் தாண்டிட்டா எல்லாரும் எழுந்து நின்னுடுவாங்க, எதுக்குத்தான் அவ்வளவு அவசரமோ. நாம கடைசியில இறங்குவோம். உங்களுக்கு அவசரம் இல்லையே? ஒரு உதவி வேணும். படியில இறங்கும்போது என் இடது முழங்கையை லேசா பிடிச்சுக்கங்க. கூட்டம்னா அந்தப் பக்கத்துலிருந்து வர்றவங்க மேல மோதிடறேன். புத்தகக் கடைப் பக்கத்துல மஞ்சள் துப்பட்டா போட்டுக்கிட்டு நிக்கறேன்னு அனுப்பியிருக்கா. கடை கண்ணுக்குத் தெரிஞ்சதும் கையை விட்டுடுங்க. அங்கிருந்து நான் தனியா நடந்து போயிடுவேன், பத்தடிதானே. அவ பார்க்கும்போது ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டு வர்றது நல்லா இருக்காது.

மெதுவா, மெதுவா. படி உசரம். இறங்கிட்டேன். முறுக்குப் பை பத்திரம்.

கடையா? எங்கே? ஆமா, தெரியுது. போர்டு தெரியுது.

வேண்டாம் சார், விடாதீங்க. பிடிச்சுக்கிட்டே வாங்க. அவ கிட்டக்க போற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே வாங்க. என் வாய் எப்படியும் வேற எங்கேயாவது போயிடும், உங்களுக்கே தெரியும். இதை முதல்ல பார்த்துடட்டும். பார்த்துட்டா அப்புறம் நான் எந்தப் பொறியைச் சொல்லியும் பிரயோஜனமில்லை.

மஞ்சள் துப்பட்டாவையே காணோமே. நேரமாச்சுன்னு கிளம்பிட்டாளோ? போன் போட்டுப் பார்க்கவா?

இடது பக்கமா? இவ்வளவு கிட்டக்கவா?

எவ்வளவு நேரமா சார் கையை ஆட்டிக்கிட்டு நிக்கறா?